போர்க்காலப் படத்தில் ஜெர்மன் மோட்டார் சைக்கிள்: யாருடைய வண்டி, எந்த ஆண்டு?

செகந்திராபாத் கண்டோன்மென்ட் பக்கம், திருமலகிரியிலோ போலாரத்திலோ, பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் உண்டு. தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் இரண்டாம் உலகப் போர்க்காலப் படங்கள் சில அகப்படலாம். அவற்றில் ஒன்றில் பெரிய மோட்டார் சைக்கிள், பக்கத்தில் சைடுகார், மேலே தலைப்பாகையுடன் ஒருவர். பின்பக்கத்தில் யாரோ பிற்காலத்தில் பேனாவால் ‘ஜெர்மனி, 1940’ என்று எழுதியிருப்பார்கள். அது உண்மையா என்று கேட்க, படத்தில் உள்ளவர் இப்போது இல்லை.

அந்தக் கேள்விக்கு வண்டியிடமே பதில் வாங்கும் முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது. பின்குறிப்பு தப்பலாம், நினைவு தப்பலாம். ஆனால் 1941-ல் முதன்முதலாகத் தயாரான வண்டி 1940-ல் எடுத்த படத்தில் இருக்க முடியாது. மோட்டார் சைக்கிளை வரிசை தவறாமல் படிக்கக் கற்றால் படம் எந்த ஆண்டுக்குப் பிந்தியது, வண்டி எந்தத் துறைக்குச் சொந்தம், ஓட்டுபவர் அந்தத் துறையைச் சேர்ந்தவரா அல்லது அதைக் கைப்பற்றியவரா என்ற மூன்றுக்கும் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

இந்தப் படங்கள் ஹைதராபாத்துக்கு வந்த வழிகள்

முதல் வழி, இந்திய இராணுவம். நான்காவது, எட்டாவது, பத்தாவது இந்திய டிவிஷன்கள் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மானியரோடு போரிட்டன. நான்காவது டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸின் 12-வது ஃபீல்டு கம்பெனி இருந்தது. தமிழ் வீரர்கள் எரித்ரியா முதல் இத்தாலியின் கசினோ வரை போனது அப்படித்தான். 1943 மே 12 அன்று துனிசியாவில் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது இந்த டிவிஷனிடம். கைப்பற்றிய வண்டிகளில் ஏறி வீரர்கள் படம் எடுத்துக்கொள்வது எல்லாப் படைகளிலும் வழக்கம்.

இரண்டாவது வழி, ஜெர்மனி பக்கம் நின்ற இந்தியர்கள். ஜெர்மன் தளபதி ரோமெல் படையிடம் சிறைப்பட்ட இந்திய வீரர்களிலிருந்தும் ஐரோப்பாவில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களிலிருந்தும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ‘சுதந்திர இந்தியப் படை’யைத் திரட்டினார். ஹைதராபாத்துக்காரரான ஆபித் ஹசன் ஜெர்மனியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது போஸுடன் சேர்ந்தவர். ‘ஜெய் ஹிந்த்’ என்ற முழக்கத்தைத் தந்தவர் அவரே என்பார்கள். 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 நீர்மூழ்கியில் போஸுடன் கிழக்கே புறப்பட்ட ஒரே இந்தியர் அவர்தான். அந்தப் படையின் படங்களைத் தேடுவோருக்கு இந்த ஊரில் தனி ஈடுபாடு இருப்பது இயல்பு.

மூன்றாவது வழி, சந்தை. ஞாயிற்றுக்கிழமை ஆபிட்ஸ் நடைபாதைப் புத்தகக் கடைகளிலும் புராணா புல் பக்கத்து ஜுமேராத் பஜாரிலும் பழைய படங்கள் கைமாறுகின்றன. இவற்றில் அசலும் உண்டு, பிற்காலப் பிரதியும் உண்டு, சினிமாப் படப்பிடிப்பில் எடுத்ததும் உண்டு.

எந்த வழியில் வந்த படமாக இருந்தாலும் முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் குடும்பத்தவர் எந்தப் படைப்பிரிவில், எந்தக் களத்தில் இருந்தார்? நிஜாமின் படையைச் சேர்ந்த முதலாவது ஹைதராபாத் இன்ஃபன்ட்ரி 1941 டிசம்பரில் மலேயாவின் கோத்தாபாரு விமானத்தளத்தில் ஜப்பானியரை எதிர்கொண்டது. 19-வது ஹைதராபாத் ரெஜிமென்ட்டின் நான்காவது பட்டாலியனும் மலேயாவில்தான் போரிட்டது. அவர்கள் பெட்டியில் ஜெர்மன் வண்டிப் படம் இருந்தால் அது வேறொருவரிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்றும் கவனத்தில் இருக்கட்டும். அந்த ரெஜிமென்ட்டின் பெயரில் ஹைதராபாத் இருந்தாலும் அதன் வீரர்கள் பெரும்பாலும் குமாவோனிகள், ஜாட்கள், அஹிர்கள். 1945-ல் அது குமாவோன் ரெஜிமென்ட் என்றே பெயர் மாறியது. பெயரை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்யக்கூடாது.

தொடங்குமுன்

தேவையானவை: 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நல்ல ஸ்கேனர், மென்மையான பென்சில், சுத்தமான பருத்திக் கையுறை.

ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள். பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்து படங்களும் சாட்சிகளே. தனியாக இருக்கும் படமானால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 1,200 டி.பி.ஐ. அளவில் எடுங்கள். போர்க்காலத்தில் பரவலாக இருந்த 6 × 9 செ.மீ. படம் இந்த அளவில் சுமார் 2,835 × 4,252 புள்ளிகளாக விரியும். அசலில் 2 மி.மீ. உயரமே உள்ள நம்பர் பிளேட் 94 புள்ளி உயரம் பெறும். எழுத்தைப் படிக்க அது போதும். செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதலில் தொலைவது அந்த எழுத்துத்தான்.

பின்பக்கத்தில் அச்சிட்ட தாள் பெயரைப் பாருங்கள். ‘ஆக்ஃபா லுபெக்ஸ்’ ஜெர்மன் தாள், ‘வெலாக்ஸ்’ கோடாக் தாள். நெளிநெளியாக வெட்டிய ஓரம் அக்காலத்து அச்சுகளில் சகஜம். ஆனால் போர் முடிந்த பிறகும் இவை விற்றன, இந்தியாவிலும் விற்றன. ஆகவே இவை துணைச்சான்று மட்டுமே. பின்பக்கத்தில் நீங்கள் எதுவும் எழுதவேண்டுமானால் பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அழுத்தம் படத்தின் முகத்தில் தழும்பாகத் தெரியும், மையும் ஊறும்.

படி 1: சைடுகார் எந்தப் பக்கம்?

ஜெர்மனியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அதனால் சைடுகார் வண்டியின் வலப்புறம். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இடப்பக்கம் ஓடுவதால் சைடுகார் இடப்புறம். வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் வலம் இடத்தை வைத்து இதைச் சொல்லவேண்டும், படத்தைப் பார்க்கும் நம் வலம் இடத்தை வைத்து அல்ல.

சைடுகார் இடப்புறம் இருந்தால் உடனே ‘ஆங்கிலேய வண்டி’ என்று எழுதிவிடாதீர்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்செடுத்தாலும் இப்படித்தான் தெரியும். மற்ற அடையாளங்களைப் பாருங்கள். எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறியிருக்கின்றனவா? ஆண்களின் சட்டையில் இடப்பக்க மடிப்பு வலப்பக்கத்தின் மேல் வருவதுதான் வழக்கம், அது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் ஸ்கேனை நேராகத் திருப்பிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: நம்பர் பிளேட்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மோட்டார் சைக்கிளில் முன் மட்கார்டின் மேல், நீளவாக்கில் வளைந்த தகடு இருக்கும். எண் இருபுறமும் எழுதப்பட்டிருக்கும். வெள்ளைத் தகடு, கறுப்பு எழுத்து. பின்னால் இன்னொரு தகடு. படம் பக்கவாட்டில் எடுத்ததென்றால் முன்தகட்டைப் படிக்க முடியும்.

முதல் எழுத்துகள் எந்தத் துறை என்பதைச் சொல்லும்:

• ‘டபிள்யூ எச்’: தரைப்படை
• ‘டபிள்யூ எல்’: விமானப்படை
• ‘டபிள்யூ எம்’: கடற்படை
• மின்னல் கீற்று போன்ற இரட்டைக் குறி: எஸ்.எஸ்.
• ‘பி ஓ எல்’: போலீஸ்
• ‘ஆர் பி’: தபால் துறை
• ‘டி ஆர்’: இரயில்வே

இவை எதுவும் இல்லாமல் ரோமன் எண்ணும் ஓர் எழுத்தும் இருந்தால் அது வட்டாரப் பதிவு எண். ரோமன் எண் ஒன்று பிரஷ்யா, இரண்டு பவேரியா. ஒன்றும் ‘ஏ’-யும் சேர்ந்தால் பெர்லின். இரண்டும் ‘ஏ’-யும் சேர்ந்தால் முனிச். ‘எச் எச்’ ஹாம்பர்க். வட்டார எண்ணின் நடுவே முக்கோண மடிப்புப்போல் ஒரு கருமையான குறி தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போர் தொடங்கியபின் தனியார் வண்டிகள் ஓட அனுமதி தேவைப்பட்டது. அனுமதி பெற்ற வண்டிக்கு அந்தச் சிவப்புக் குறி. எனவே படம் 1939 செப்டம்பருக்குப் பிந்தியது.

போருக்கு முன் வாங்கிய வண்டிகளை இராணுவம் எடுத்துக்கொண்டதும் உண்டு. பளபளப்பான கறுப்பு டேங்க், ஓரத்தில் வெள்ளைக் கோடு, பிளேட்டில் மட்டும் ‘டபிள்யூ எச்’ என்றிருந்தால் அது ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து பெற்ற வண்டியாக இருக்கலாம்.

படி 3: முன் ஃபோர்க், சிலிண்டர், பின் சக்கரம்

இப்போது எந்த மாடல் என்று பார்ப்போம். ஐந்து வண்டிகளைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான படங்களுக்குப் போதும்.

*பி.எம்.டபிள்யூ. ஆர்12.* 1935 முதல் 1942 வரை. 745 சி.சி., இருபுறமும் படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிலிண்டர்கள். குழாய்களால் ஆன சட்டம் இல்லை. தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த பட்டையான சட்டம். எண்ணெய் நிரப்பிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு விற்பனைக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள் இது. கியர் மாற்றும் தடி டேங்க்கின் பக்கத்தில், கையால் இயக்குவது.

*பி.எம்.டபிள்யூ. ஆர்75.* 1941 முதல் 1944 வரை, 16,000-க்கும் மேல் தயாரானது. 746 சி.சி., 26 குதிரைத்திறன். தொடக்கம் முதலே இராணுவத்துக்கென வடிவமைத்தது. சைடுகாரின் சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும். பின்னோக்கிச் செல்லும் கியரும் உண்டு. மணலிலும் சேற்றிலும் இது நகர்ந்தது அதனால்தான்.

*சுண்டாப் கே.எஸ்.750.* அதே காலம், அதே வேலை, அதே அமைப்பு. 18,000-க்கும் மேல் தயாரானது. சைடுகார் சக்கரம் இதிலும் இயங்கும். ஆர்75-க்கும் இதற்கும் பல உதிரிபாகங்கள் பொதுவாக இருந்தன.

*டி.கே.டபிள்யூ. என்.ஸெட்.350.* ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், செயின் வண்டி. செய்தி கொண்டுபோக, சாலைக் காவலுக்கு, பயிற்சிக்கு. தகட்டுச் சட்டம். எடை குறைவு, சைடுகார் இல்லாமலே பெரும்பாலும் தெரியும்.

*கெட்டென்கிராட்.* முன்னால் மோட்டார் சைக்கிள் சக்கரம், பின்னால் டாங்கிபோல இருபுறமும் சங்கிலிப் பட்டை. என்.எஸ்.யு. தயாரிப்பு, ஓப்பல் காரின் 1.5 லிட்டர் எஞ்சின். இதை வேறு எதனோடும் குழப்ப வழியில்லை.

அதிகம் குழம்புவது ஆர்75-ஐயும் கே.எஸ்.750-ஐயும் பார்க்கும்போது. லென்ஸை முன் சக்கரத்தின் மேல் வையுங்கள். ஆர்75-ல் சக்கரத்தின் இருபுறமும் உருண்டையான இரண்டு குழாய்கள் கைப்பிடி வரை நேராக ஏறும். கே.எஸ்.750-ல் குழாய் இல்லை. தகட்டால் ஆன அகலமான இரண்டு கரங்கள், மேலே சிறு இணைப்புகள், நடுவில் ஒரே ஒரு ஸ்பிரிங். அடுத்து சிலிண்டர்களைப் பாருங்கள். ஆர்75-ல் அவை தரைக்கு இணையாக, நேர்க்கோட்டில் இருக்கும். கே.எஸ்.750-ல் இரண்டு சிலிண்டர்களும் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருக்கும்; இரண்டுக்கும் இடையே 170 பாகை. வண்டி முன்பக்கமாக நம்மைப் பார்த்து நிற்கும் படத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவதாகப் பின் சக்கரம். ஆர்12, ஆர்75, கே.எஸ்.750 மூன்றிலும் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. ஓட்டுநர் இருக்கையின் ஸ்பிரிங்தான் ஆதாரம். பின் அச்சின் இருபுறமும் செங்குத்தான குட்டை உருளையில் ஸ்பிரிங் தெரிந்தால் அது ஆர்71 ஆகவோ அதைப் பார்த்துச் செய்த சோவியத் எம்-72 ஆகவோ இருக்கலாம். ஆர்75 என்று எழுதக்கூடாது.

இந்த மூன்று இடங்களைப் பார்த்தபின்பே மாடல் பெயரை எழுதுங்கள். மூன்றில் ஒன்று மறைந்திருந்தால் ‘ஆர்75 அல்லது கே.எஸ்.750’ என்றே விடுங்கள். அப்படி எழுதிய குறிப்பைப் பின்னால் வருபவர் நம்பிப் பயன்படுத்த முடியும்.

படி 4: விளக்கும் நிறமும் சொல்லும் காலம்

போர்க்கால இருட்டடிப்பு விதியால் ஹெட்லைட்டின் மேல் துணியாலோ தகட்டாலோ உறை போட்டு, நடுவில் மெல்லிய கீற்று மட்டும் விட்டார்கள். கீற்று உறை இருந்தால் படம் போர்க்காலம். உறை இல்லாவிட்டால் போருக்கு முந்தியதாக இருக்கலாம், அல்லது அன்று கழற்றியிருக்கலாம். இருப்பது சான்று, இல்லாதது சான்றல்ல.

நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் அளவோடுதான் நம்பவேண்டும். ஜெர்மன் இராணுவ வண்டிகள் 1943 பிப்ரவரி வரை கருஞ்சாம்பல், அதன்பின் கருமஞ்சள். ஆப்பிரிக்காவில் 1941-லிருந்தே மணல் நிறம். படத்தில் வண்டி வெளிறித் தெரிந்தால் ஆப்பிரிக்காவாக இருக்கலாம், 1943-க்குப் பிந்திய ஐரோப்பாவாக இருக்கலாம், வெறும் புழுதியாகவும் இருக்கலாம். பின்னணியைச் சேர்த்துப் பார்க்காமல் முடிவு வேண்டாம்.

ஆர்75-ன் பிற்காலத் தயாரிப்புகளில் காற்று வடிகட்டி பெட்ரோல் டேங்க்கின் மேலே, கவிழ்த்த ஹெல்மெட் போன்ற உறைக்குள் ஏறியது. புழுதியிலிருந்து எஞ்சினைக் காக்கச் செய்த மாற்றம் இது. அந்த மேடு தெரிந்தால் 1941-ஐத் தாண்டிவந்துவிட்டீர்கள்.

படி 5: இராணுவமா, சுங்கத் துறையா?

ஜெர்மன் படங்களில் அனுபவம் உள்ளவர்களும் தடுமாறும் இடம் இது. எல்லைக் காவலில் இருந்த சுங்கத்துறையினர் இராணுவத்தைப் போலவே தொப்பி, பெல்ட், கழுகுச் சின்னம், துப்பாக்கி எல்லாம் வைத்திருந்தார்கள். உடையின் பச்சை கறுப்பு வெள்ளையில் இராணுவச் சாம்பல் போலவே விழும். ஆனால் அவர்கள் நிதி அமைச்சகத்தின் ஆட்கள். 1944-ல்தான் எல்லைச் சுங்கக் காவல், ரகசியப் போலீஸ் அடங்கிய பாதுகாப்புத் தலைமையகத்தின் கீழ் போனது.

ஹைதராபாத் வாசகருக்கு இது புதிய சங்கதி அல்ல. நிஜாம் அரசு தன் எல்லையில் தனியே சுங்கம் வசூலித்தது. அந்தத் துறைக்குக் கரோட்கிரி என்று பெயர். சோதனைச் சாவடியில் சீருடையோடு நின்றவரெல்லாம் நிஜாமின் பட்டாளத்துக்காரர் இல்லை. ஜெர்மன் எல்லைப் படத்தையும் அதே எச்சரிக்கையோடு பாருங்கள்.

சோதிக்கும் வரிசை இது. பிளேட்டில் தரைப்படை, விமானப்படை, கடற்படை எழுத்து உண்டா? உண்டென்றால் வண்டி இராணுவத்துடையது. நிற்பவர் வேறு துறையாக இருக்கலாம், இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். இல்லையென்றால் சட்டைக் கையின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். ‘ட்ஸோல்கிரென்ஸ்ஷுட்ஸ்’ என்று எழுதிய துணிப்பட்டை இருந்தால் அவர் சுங்க எல்லைக் காவலர். அடுத்து பின்னணி: சாலைத் தடுப்புக் கம்பம், சுங்கச் சாவடிப் பலகை. கழுத்தில் சங்கிலியோடு பிறைவடிவத் தகடு தொங்கினால் அவர் சுங்கத்துறை அல்ல, இராணுவப் போலீஸ்.

படி 6: வண்டியில் இந்தியர் இருந்தால்

உடையைப் பாருங்கள். அரைக்கால்சட்டை, பிரிட்டிஷ் பாணிச் சட்டை, தோளில் டிவிஷன் சின்னம் இருந்தால் கைப்பற்றிய வண்டி. நான்காவது டிவிஷனின் சின்னம் சிவப்புக் கழுகு. கறுப்பு வெள்ளையில் கருமையாக, இறக்கை விரித்தபடி தெரியும். ஜெர்மன் கழுகோடு இதைக் குழப்பாதீர்கள். ஜெர்மன் சீருடையில் கழுகு வலது மார்பில் இருக்கும், காலில் ஸ்வஸ்திகா பற்றியிருக்கும்.

ஜெர்மன் சீருடை, மேலே தலைப்பாகை, வலது மேற்கையில் கேடய வடிவச் சின்னம் என்றால் அவர் சுதந்திர இந்தியப் படை. அந்தக் கேடயத்தில் மூவர்ணத்தின் மேல் பாயும் புலியும் ‘ஃப்ரைஸ் இண்டியன்’ என்ற ஜெர்மன் எழுத்தும் இருக்கும். அந்தப் படை ஜெர்மன் தரைப்படையின் 950-வது ரெஜிமென்ட். கோனிக்ஸ்புரூக்கில் பயிற்சி, 1943-ல் நெதர்லாந்து, பிறகு பிரான்சில் போர்தோவுக்கு அருகே லக்கானோ கடற்கரை. 1944 பிப்ரவரியில் ரோமெல் அங்கே அவர்களைப் பார்வையிட்ட படங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. 1944 ஆகஸ்டில் படை எஸ்.எஸ். வசம் மாற்றப்பட்டது. ஆகவே அதுவரை பிளேட்டில் எதிர்பார்க்கவேண்டியது ‘டபிள்யூ எச்’.

இந்த ரெஜிமென்ட்டிடம் 700 குதிரைகளும் 81 மோட்டார் வாகனங்களுமே இருந்தன. எனவே அவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் இருக்கும் படம் உங்களிடம் இருந்தால் அது அரியது; அதை முறையாகப் பதிவு செய்யுங்கள்.

படி 7: ஜெர்மன் அல்லாததை விலக்குதல்

செகந்திராபாத் படங்களில் நிற்பவை பெரும்பாலும் ஆங்கிலேய வண்டிகள்: பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச், மேட்ச்லெஸ் ஜி3எல். எம்20 மட்டுமே சுமார் 1,26,000 தயாரானது. இவற்றில் ஒரே சிலிண்டர் செங்குத்தாக நிற்கும். டேங்க்கின் பக்கத்தில் ‘சி’ என்ற எழுத்தும் நீண்ட எண்ணும் பெயின்டால் எழுதியிருப்பார்கள். பிரிட்டிஷ் இராணுவப் பதிவில் ‘சி’ என்றால் மோட்டார் சைக்கிள். 1948 செப்டம்பர் 13 முதல் 17 வரை நடந்த, ஹைதராபாத்தை இந்தியாவோடு இணைத்த ‘ஆபரேஷன் போலோ’ காலப் படங்களையும் இந்தக் கண்ணோடே பாருங்கள். அந்தப் படத்தில் ராயல் என்ஃபீல்டு புல்லட் இருப்பதாகத் தோன்றினால் நிறுத்தி யோசியுங்கள். சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது 1955-ல். இந்திய இராணுவத்துக்கு அது வந்ததும் ஐம்பதுகளில்தான்.

ஒரு வண்டி மட்டும் ஜெர்மன், ஆங்கிலேயத் தரப்பு இரண்டிலும் ஒரே சாயலில் தெரியும். ராயல் என்ஃபீல்டின் 125 சி.சி. ‘ஃப்ளையிங் ஃப்ளீ’, பாராசூட்டில் இறக்கும் அளவுக்கு எடை குறைந்த டூ ஸ்ட்ரோக். டி.கே.டபிள்யூ.வின் சிறிய ஆர்.டி. வண்டியைப் பார்த்துச் செய்தது அது. ஜெர்மன் நிறுவனம் ராட்டர்டாமில் இருந்த யூத முதலாளிகளின் விற்பனை உரிமையைப் பறித்தபோது, அந்த விற்பனையாளர் அதே மாதிரி வண்டியைச் செய்துதரச் சொல்லி ராயல் என்ஃபீல்டிடம் போனார். உருவத்தை வைத்து இவற்றைப் பிரிப்பது கடினம். டேங்க்கில் உள்ள பெயரையும் எண்ணையும் பாருங்கள்.

பிற்காலப் போலிகளும் உண்டு. எம்-72-ன் வழிவந்த சோவியத் யூரல், சீன சாங் ஜியாங் 750 இரண்டும் சினிமாவிலும் வேடிக்கை அணிவகுப்புகளிலும் ஜெர்மன் வண்டியாக நடிக்கின்றன. திசைகாட்டி விளக்கு, பின்சக்கர ஸ்பிரிங், மடிப்புக் குலையாத புதுச் சீருடை, பளிச்சென்ற பெயின்ட் ஆகியவை அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

பயிற்சி: ஒரு படத்தைப் படித்துப் பார்ப்போம்

உங்கள் கையில் 6 × 9 செ.மீ. படம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் ‘ஜெர்மனி, 1940’. முன்பக்கத்தில் மோட்டார் சைக்கிளும் சைடுகாரும். தலைப்பாகையோடு இருவர், ஒருவர் வண்டியிலும் ஒருவர் சைடுகாரிலும்.

சைடுகார் ஓட்டுபவரின் வலப்புறம். சட்டை மடிப்பு சரியாக இருக்கிறது. படம் திரும்பவில்லை, வண்டி வலப்பக்கச் சாலை நாட்டுடையது. முன் பிளேட்டில் ‘டபிள்யூ எச்’. ஜெர்மன் தரைப்படை வண்டி. முன்னால் இரண்டு உருண்டைக் குழாய்கள், சிலிண்டர் தரைக்கு இணை, பின்னால் ஸ்பிரிங் இல்லை, ஆர்75. டேங்க்கின் மேல் வடிகட்டி மேடு. 1941-ஐத் தாண்டிய தயாரிப்பு. இருவரும் அரைக்கால்சட்டை; தோளில் கருமையான பறவைச் சின்னம், நான்காவது டிவிஷன். பின்னணியில் தட்டையான வறண்ட நிலம்.

‘1940’ இப்போதே விழுந்துவிட்டது. ‘ஜெர்மனி’யும் நிற்காது, நான்காவது டிவிஷன் ஜெர்மனிக்குள் போகவில்லை. வறண்ட நிலத்தைப் பார்த்தால் மிஞ்சுவது வட ஆப்பிரிக்கா. 1943 மே மாதச் சரணடைவை ஒட்டிய துனிசியா நல்ல ஊகம். ஆனால் அது ஊகமே.

படி 8: குறிப்பு எழுதும் முறை

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள். மூன்றையும் கலக்கக்கூடாது.

1. *படத்தில் தெரிவது:* ‘டபிள்யூ எச்’ பிளேட்டுடன் பி.எம்.டபிள்யூ. ஆர்75, வலப்புற சைடுகார். இந்திய வீரர்கள் இருவர், தோளில் நான்காவது இந்திய டிவிஷன் சின்னம்.
2. *ஊகிப்பது, காரணத்தோடு:* கைப்பற்றிய வண்டி. வடிகட்டியின் அமைப்பால் 1942 அல்லது அதற்குப் பின். உடையும் நிலமும் வட ஆப்பிரிக்காவைக் காட்டுகின்றன.
3. *சொல்லக் கேட்டது:* பின்பக்கக் குறிப்பு ‘ஜெர்மனி, 1940’. எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பது தெரியவில்லை.

மூன்றாவது வரி தவறென்று தெரிந்தாலும் அதை அழிக்காதீர்கள். குடும்பம் அந்தப் படத்தைப் பற்றி என்ன நம்பியது என்பதும் வரலாற்றின் பகுதி. ‘ஜெர்மனி’ என்று எழுதியவர் ‘ஜெர்மன் வண்டி’ என்றே சொல்ல நினைத்திருக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பெரிய சேகரங்கள் உதவும். ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008 டிசம்பரில் விக்கிமீடியாவுக்கு ஏராளமான படங்களை வழங்கியது. ஜெர்மன் இராணுவப் பிரசாரப் பிரிவு எடுத்தவை ‘101ஐ’ என்ற வரிசையில் உள்ளன. இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் ‘இ’ என்று தொடங்கும் எண்கள் மேற்குப் பாலைவனம், ‘என்ஏ’ துனிசியாவும் இத்தாலியும், ‘ஐஎன்டி’ இந்தியாவும் பர்மாவும். உங்கள் படத்தின் அசல் அங்கேயே இருந்தால் கையில் இருப்பது அச்சுப் பிரதி என்று தெரிந்துகொள்வீர்கள். ஆனால் இந்தச் சேகரங்களிலும் பழைய தலைப்புகள் தவறாக இருப்பதுண்டு. ஜெர்மன் காப்பகமே பிரசாரத் தலைப்பை அப்படியே வைத்துவிட்டுத் திருத்தத்தைத் தனியே சேர்க்கிறது. நீங்களும் அதையே பின்பற்றுங்கள்.

வெளியிடும்போது இரண்டு கடமைகள் உண்டு. ஸ்வஸ்திகா தெரியும் படத்தை அலங்காரமாகவோ வீரப் பெருமையாகவோ பகிராதீர்கள். இடமும் காலமும் எழுதி வரலாற்றுச் சான்றாகவே வையுங்கள். அந்த வண்டிகள் போன ஊர்களில் மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். எஞ்சினின் அழகைப் பேசும்போதும் அது மறக்கக்கூடாது. அடுத்தது, படத்தில் பெயர் தெரியாதவர் இருந்தால் ஊகித்துப் பெயர் சூட்டாதீர்கள். வேறொரு குடும்பம் அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம்; தவறான பெயர் அவர்களை வழி தவறச் செய்யும்.

இந்த வாரமே செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் யாரேனும் இருந்தால் ஆல்பத்தோடு அவர் பக்கத்தில் உட்காருங்கள். பெயர்களையும் ஊர்களையும் அவர் சொல்வார், அவற்றை மூன்றாவது வரியில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வரிகளை லென்ஸை வைத்து எப்போது வேண்டுமானாலும் நிரப்பலாம். மூன்றாவது வரியை அவர் இருக்கும்போதுதான் நிரப்ப முடியும்.